மலைநாட்டில் நிலைத்த செவிலியர்: கென்டக்கிப் பணியின் வரலாறும் படிப்பினையும்

1. முன்னுரை

ஒரு நாட்டில் மருத்துவப் பணியாளர் எத்தனை பேர் உளர் என்று கணக்கிடுவது எளிது. அவர்கள் எங்கே வாழ்கின்றனர் என்று வினவும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. செல்வம் மிகுந்த நாடாயினும் வறிய நாடாயினும், பயிற்சி பெற்றோர் நகரங்களில் குவிகின்றனர். சிற்றூர்களும் மலைப்புறங்களும் அவர்களைக் காணாது காத்திருக்கின்றன. இக்குறையை நீக்க அரசுகளும் அறநிலையங்களும் பெரும்பாலும் ஆள் அனுப்புதலையே வழியாகக் கொண்டன. அனுப்பப்பட்டோர் சென்றனர், சில ஆண்டுகள் உழைத்தனர், பின்னர்த் திரும்பிவிட்டனர். ஆகவே சிந்தனைக்குரிய வினா இரண்டு கூறுகளை உடையது. பணியாளரைப் பயிற்றுவிப்பது எவ்வாறு என்பது ஒன்று. பயின்றவரை அங்கேயே நிலைக்கச் செய்வது எவ்வாறு என்பது மற்றொன்று.

ஐக்கிய அமெரிக்க நாட்டில் ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ எனப்படும் செவிலியர் ஒரு தனி வகுப்பினர் ஆவர். இவர்கள் செவிலியக் கல்வியை முடித்து, அதற்கு மேலும் பயின்று, நோயாளரைத் தாமே ஆய்ந்து, நோயறிந்து, மருந்து எழுதித் தரும் உரிமை பெற்றவர்கள். இன்று அந்நாட்டில் இத்தகையோர் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டவர். இவ்வகுப்பு முறையாகத் தோன்றியது 1965-ஆம் ஆண்டில் எனினும், அதன் வேர் அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைகளில் ஊன்றப்பட்டது. அவ்வேரின் வரலாற்றை ஆராய்ந்து, மேற்கூறிய இரு வினாக்களுக்கும் அது தரும் விடையை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். மருத்துவப் பணியின் வரலாறு இறையியல் மாணவருக்கு எதற்கு என்று கேட்போர், இறுதிப் பகுதியை எட்டும்போது விடை காண்பர்.

2. மலைநாடும் அதன் தாய்மாரும்

அப்பலேச்சிய மலைத்தொடரின் மேற்குச் சரிவில் அமைந்தது லெஸ்லி மாவட்டம். அதன் தலைமையூர் ஹைடன். 1920-களில் அங்கு வாழ்ந்த மக்கள் ஏறத்தாழப் பத்தாயிரவர். மாவட்டத்தினுள் புகைவண்டிப் பாதை இல்லை. மோட்டார் வண்டி செல்லத்தக்க சாலையும் இல்லை. கென்டக்கி ஆற்றின் நடுக்கிளையும் அதிற் சேரும் ஓடைகளுமே வழிகளாயிருந்தன. கோடையில் ஓடைப்படுகையிலேயே குதிரை நடக்கும். மழைக்காலத்தில் வெள்ளமும், குளிர்காலத்தில் பனிக்கட்டியும் அவ்வழியை அடைத்துவிடும். மாவட்டம் முழுவதிலும் உரிமம் பெற்ற மருத்துவர் ஒருவரும் குடியிருக்கவில்லை.

மலைமக்கள் சிறு நிலத்தில் சோளம் விதைத்தும், மரம் வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டும் வாழ்ந்தனர். நாணயப் புழக்கம் மிகக் குறைவு. பேறுகாலத்தில் தாய்மாருக்கு உதவியவர்கள் அண்டை அயலிலிருந்த முதிய மருத்துவச்சியர். மக்கள் இவர்களைப் ‘பாட்டி மருத்துவச்சி’ என்றே அழைத்தனர். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாயிடமிருந்தும் மாமியிடமிருந்தும் கற்ற தொழிலை, கூலியை எதிர்பாராமல், இரவென்றும் பகலென்றும் பாராமல் செய்துவந்தனர். இயல்பான பேறுகளில் அவர்கள் கை தேர்ந்த கை. ஆனால் குருதிப்பெருக்கு, நச்சுக்காய்ச்சல், வலிப்பு ஆகியவை நேரிட்டால் அவர்களிடம் மருந்தும் இல்லை. அனுப்பிவைக்க மருத்துவமனையும் இல்லை.

3. மேரி பிரெக்கின்ரிட்ஜ்

இம்மலைகளுக்குப் பணி கொண்டுவந்த மேரி பிரெக்கின்ரிட்ஜ் 1881-ஆம் ஆண்டு மெம்பிஸ் நகரில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் அமெரிக்க நாட்டின் துணைக் குடியரசுத் தலைவராயிருந்தவர். தந்தையார் இரஷ்யாவில் அமெரிக்கத் தூதராகப் பணிபுரிந்தவர். செல்வாக்கு மிக்க அக்குடும்பத்தில் பெண் மக்கள் தொழில் கற்பது வழக்கமன்று. முதற் கணவர் 1906-இல் இறந்தபின் அவர் நியூயார்க் நகரின் தூய லூக்கா மருத்துவமனையில் செவிலியப் பயிற்சி பெற்று 1910-இல் தேறினார். மறுமணத்தில் பிறந்த இரு மக்களையும் அவர் இழந்தார். மகள் 1916-இல் குறைமாதத்தில் பிறந்து சில மணி நேரமே வாழ்ந்தாள். மகன் 1918-இல் நான்கு வயதில் மாண்டான். இல்வாழ்வும் 1920-இல் முறிந்தது. எஞ்சிய ஆண்டுகளைக் குழந்தைகளின் நலத்துக்கென ஒப்படைப்பது என்று அவர் முடிவு செய்தார்.

துயரம் பலருக்கு நேர்கிறது. அதிலிருந்து முறையான பணி பிறப்பது அரிது. பிரெக்கின்ரிட்ஜின் சிறப்பு அவர் காட்டிய பொறுமையில் உளது. முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சு நாட்டில் பாழ்பட்ட ஊர்களில் தாய்சேய் நலப்பணி செய்தபோது, செவிலியக் கல்வியும் பேறுகாலக் கல்வியும் ஒருங்கே பெற்ற பெண்களை ஐரோப்பாவில் கண்டார். அமெரிக்காவில் அத்தகையோர் இல்லை என்பதையும் உணர்ந்தார். தாயகம் திரும்பிப் பொதுநலச் செவிலியம் பயின்றார். 1923-ஆம் ஆண்டுக் கோடையில் குதிரைமீதேறிக் கென்டக்கியின் மூன்று மலை மாவட்டங்களைச் சுற்றி, 53 மருத்துவச்சியரைக் கண்டு உரையாடி, அவர்கள் தொழில் முறையைக் குறித்து வைத்தார். அதன்பின் இலண்டன் சென்று, நாற்பது வயதைக் கடந்த நிலையில் மாணவியாக அமர்ந்து, மருத்துவச்சிப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் அடைந்தார்.

பயிற்சியோடு அவர் நிற்கவில்லை. ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களையும் தீவுகளையும் காணச் சென்றார். அங்கே 1913-ஆம் ஆண்டு முதல் அரசின் பொருளுதவியால் ஒரு மருத்துவப் பணி நடைபெற்று வந்தது. மக்கள் சிதறி வாழும் நிலத்தில், செவிலியரைக் குடியிருப்புகளில் பரவலாக நிறுத்தி, மருத்துவரை நடுவிடத்தில் வைத்து, இரண்டையும் இணைத்திருந்தனர். கென்டக்கி மலைகளுக்கு ஏற்ற வடிவம் இதுவே என அவர் தெளிந்தார். இவ்வாறு, வேறொரு நாட்டின் ஏழ்மையான மூலையிலிருந்து தம் பணியின் அமைப்பை அவர் கற்றுக்கொண்டார்.

4. பணியின் அமைப்பு

1925-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் கென்டக்கியின் தலைநகரான பிராங்ஃபர்ட்டில் தாய்சேய் நலக் குழு ஒன்று நிறுவப்பெற்றது. 1928-இல் அது ஃபிரான்டியர் நர்சிங் சர்வீஸ், அதாவது எல்லைப்புறச் செவிலியர் பணிமன்றம், எனப் பெயர் மாற்றம் பெற்றது. வென்டோவர் என்னுமிடத்தில் மரக்கட்டைகளால் ஆன இல்லம் ஒன்று தலைமையிடமாயிற்று. 1928-இல் ஹைடனில் ஒரு சிறு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதனை அர்ப்பணம் செய்ய ஸ்காட்லாந்திலிருந்து சர் லெஸ்லி மெக்கன்சி வந்திருந்தார். மேட்டுநிலப் பணியை உருவாக்கியவர்களுள் ஒருவர் அவர்.

ஹைடனைச் சூழ்ந்து ஆறு புறநிலையங்கள் எழுந்தன. ஏறத்தாழ 700 சதுர மைல் நிலப்பரப்பு அப்பணியின் எல்லையாயிற்று. ஒவ்வொரு நிலையத்திலும் செவிலியர் வாழ்ந்தனர். ஐந்தாறு மைல் சுற்றளவிலுள்ள குடும்பங்கள் அவர்கள் பொறுப்பில் இருந்தன. குதிரையின் இருபுறமும் தொங்கும் தோற்பைகளில் பேறுகாலக் கருவிகளும் மருந்துகளும் இருந்தன. தகப்பன் செவிலியிடம் வந்து சேர முடியுமாயின் செவிலியும் தாயிடம் சென்று சேர முடியும் என்பது அவர்களுடைய எழுதாச் சட்டம். பேறுகாலப் பணிக்கு ஐந்து டாலர் கட்டணம் விதிக்கப்பட்டது. பணமில்லாதவர் விறகு, தீவனம், கோழி, உடலுழைப்பு ஆகியவற்றால் அதனைச் செலுத்தலாம். இலவசமாகக் கொடாமல் எளியவன் செலுத்தக்கூடிய வழியைத் திறந்துவைத்ததனால், மக்கள் அப்பணியைப் பிச்சையாகக் கருதாமல் தமதென்று கருதினர். புறநிலையங்கள் எழுவதற்கு நிலமும் மரமும் உழைப்பும் தந்தவர்களும் அவர்களே; நிலையந்தோறும் ஊரார் குழு ஒன்றும் இருந்தது.

நமது பொருளுக்கு மிக இன்றியமையாதது மற்றொரு செய்தி. செவிலியர் எந்நோய்க்கு எம்மருந்தைத் தரலாம், எந்நிலையில் மருத்துவரை அழைக்கவேண்டும் என்பதை லெக்ஸிங்டன் நகர மருத்துவர் குழு எழுத்தில் வகுத்துக் கொடுத்தது. மருத்துவர் பல மைல்களுக்கு அப்பால் இருக்க, செவிலி அவ்வெழுத்தின் துணைகொண்டு தானே முடிவு செய்தாள். காய்ச்சல், காயம், குடற்புழு, தடுப்பூசி, பேறு, குழந்தை வளர்ப்பு ஆகிய யாவும் அவள் கையில் இருந்தன. அந்நாளில் பெயர் இல்லாதிருந்தும், பின்னாளில் நர்ஸ் பிராக்டிஷனர் எனப்பட்டவரின் பணி இதுவே.

விளைவு எவ்வாறிருந்தது? பிரெக்கின்ரிட்ஜ் தொடக்கமுதலே பதிவேடுகளைக் கண்டிப்பாகப் பேணினார். முதல் ஆயிரம் பேறுகளின் பதிவுகளை மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்புறுதிக் கழகத்தின் புள்ளியியலார் ஆராய்ந்து 1932-இல் அறிக்கை தந்தனர். பேற்றினால் நேரடியாக ஒரு தாயும் மாளவில்லை என்பது அதன் முடிவு. 1925 முதல் 1951 வரை செவிலியர் 8,596 பேறுகளைக் கவனித்தனர். அவற்றுள் 6,533 வீடுகளிலேயே நிகழ்ந்தன. ஆயிரம் பேறுகளுக்குத் தாய் இறப்பு விகிதம் 1.2. அதே காலத்தில் நாடு முழுவதற்கும் உரிய விகிதம் 3.4. சாலையற்ற மலையில், வறுமையின் நடுவில், நகர மருத்துவமனைகளை விஞ்சிய பயன் கிட்டியது. பயிற்சி பெற்ற செவிலி மருத்துவருக்கு மாற்றுக் குறைந்தவள் என்ற எண்ணத்தை இவ்வெண்கள் அசைத்தன.

5. போர் வெளிப்படுத்திய உண்மை

இவ்வளவு உறுதியாகத் தோன்றிய கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு பிளவு இருந்தது. அமெரிக்காவில் செவிலியமும் பேறுகாலப் பணியும் ஒருங்கே கற்பிக்கும் பள்ளி பணிமன்றத்தின் கையில் இல்லை. ஆகவே பிரிட்டனில் பயின்ற பெண்கள் அழைக்கப்பட்டனர். அல்லது அமெரிக்கச் செவிலியர் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டுப் பயின்று திரும்பினர். பிரிட்டனிலிருந்து வந்தோரில் சிலர் வாழ்நாளையே மலைகளில் கழித்தனர். 1928-இல் வந்த பெட்டி லெஸ்டர் அவர்களுள் ஒருவர். 1938-இல் வந்த ஹெலன் பிரவுன், பிரெக்கின்ரிட்ஜ் 1965-இல் மறைந்தபின் பணிமன்றத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் நன்கொடைகள் குன்றியபோது, ஊதியக் குறைப்பை ஏற்றுக்கொண்டு பணியாளர் உழைத்தனர். ஆதலால் அவர்களுடைய பற்றை ஐயுறுவதற்கு இடமில்லை.

எனினும் 1939-ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஐரோப்பாவில் போர் மூண்டது. பிரிட்டன் நாட்டுச் செவிலியர் பலர் தாயகத்தின் அழைப்பை ஏற்றுப் புறப்பட்டனர். கடல் கடந்து பயிற்சிக்குச் செல்லும் வழியும் அடைபட்டது. பதினான்கு ஆண்டுகள் கட்டிய பணி சில வாரங்களில் ஆளின்றி நிற்கும் நிலை எய்தியது. அனுப்பப்பட்டோரின் அன்பில் குறை இல்லை. ஆனால் அவர்களை அழைக்கும் வேறொரு தாயகம் இருந்தது. பிற இடத்திலிருந்து வரும் பணியாளரை மட்டும் நம்பும் எந்தப் பணிக்கும் இந்நாள் என்றேனும் வரும்.

பிரெக்கின்ரிட்ஜ் தயங்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளிலேயே ஹைடனில் செவிலியருக்கான மருத்துவச்சிப் பள்ளி திறக்கப்பட்டது. முதல் வகுப்பில் இருவரே இருந்தனர். மாணவியர் வகுப்பறையில் கற்றதை அன்றே குதிரைமீதேறிச் சென்று குடிசைகளில் செய்து பழகினர். வெள்ளத்தில் எங்கே ஆற்றைக் கடப்பது, ஒரே அறையுள்ள வீட்டில் எவ்வாறு தூய்மை பேணுவது, பேசாத கணவனிடம் எவ்வாறு பேசுவது என்பவை பாடத்தின் பகுதியாயின. பணி செய்யுமிடத்திலேயே பயிற்சியும் நடைபெற வேண்டும் என்ற கொள்கை நெருக்கடியில் பிறந்தது. போர் முடிந்தபின் குதிரைக்குப் பதிலாக ஜீப் வண்டி வந்தது, பள்ளியோ நிலைத்தது.

6. வாயிலுக்கு வெளியே நின்றோர்

வரலாறு எழுதுவோர் புகழ்ச்சியோடு நிறுத்திவிடலாகாது. இப்பணியின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் இருவகையினர்.

முதலாவது, பாட்டி மருத்துவச்சியர். 1923-இல் 53 பேரோடு உரையாடிய பிரெக்கின்ரிட்ஜ், அவர்களுள் சிலருடைய பண்பை மதித்தார். ஆயினும் அவர்களைப் பயிற்றுவித்துப் பயன்படுத்த இயலாது என்று முடிவு செய்தார். தாய்மாரின் உயிரை முன்னிறுத்தி எடுத்த முடிவு அது. விளைவுகளும் அதற்குச் சான்று பகர்கின்றன. ஆனால் அம்முடிவினால் மலைப்பெண்களின் கையிலிருந்த தொழில் பிறர் கைக்கு மாறிற்று. ஹைடன் பள்ளியில் சேரப் பதிவு பெற்ற செவிலியாயிருத்தல் வேண்டும். எட்டாம் வகுப்பைத் தாண்டுவதே அரிதாயிருந்த மலைமகளுக்கு அத்தகுதி எட்டாக் கனியே.

இரண்டாவது, கறுப்பின மக்கள். பிரெக்கின்ரிட்ஜ் தம் பணியில் கறுப்பினச் செவிலியரைச் சேர்க்கவில்லை. நன்கொடை திரட்டும்போது, மலைமக்கள் பழைய ஆங்கிலக் குருதியினர் என்பதை அவர்களுடைய சிறப்பாக எடுத்துக் கூறினார். அவர் மரபில் தோன்றிய கல்வி நிலையமே அண்மை ஆண்டுகளில் இக்குறையை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டுள்ளது. அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் கறுப்பினச் செவிலியருக்கென மருத்துவச்சிப் பள்ளி ஒன்று 1941-இல் தொடங்கப்பெற்றது. ஆனால் 1946-இல் அது மூடப்பட்டது. ஹைடன் பள்ளிக்குச் செல்வக் குடும்பங்களின் நன்கொடைக் குழுக்கள் பல நகரங்களில் இருந்தன. இனப் பிரிவினைச் சட்டம் ஆண்ட நிலத்தில் டஸ்கீகிக்கு அத்தகைய துணை இல்லை. எளியோருக்கென எழும் பணியும், எளியோருள் எவரை முதலில் காண்கிறது என்ற வினாவுக்கு விடை கூறியாக வேண்டும்.

7. கொலராடோவும் சட்ட மன்றங்களும்

பிரெக்கின்ரிட்ஜ் மறைந்த அதே 1965-ஆம் ஆண்டில், கொலராடோப் பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்னும் செவிலியப் பேராசிரியரும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினர். ஃபோர்டு பேராசிரியராவதற்கு முன் கொலராடோவின் நாட்டுப்புறங்களில் பொதுநலச் செவிலியாகப் பணிபுரிந்தவர். மருத்துவர் வாராத ஊர்களில் செவிலியர் ஏற்கெனவே செய்துவந்ததை அவர் கண்டிருந்தார். அதற்குக் கல்வியும் பெயரும் தருவதே அவர் நோக்கம். நூற்று நான்கு ஆண்டுகள் வாழ்ந்து 2025-இல் அவர் மறைந்தார்.

எதிர்ப்பு மருத்துவரிடமிருந்து மட்டும் எழவில்லை. செவிலியக் கல்வியின் தலைவர்கள் சிலரும் இதனை ஏற்கவில்லை; செவிலியத்தின் தனித்தன்மையை விட்டுக் குட்டி மருத்துவராக மாறுவது இழிவு என அவர்கள் கருதினர். புதியதொரு திருப்பணி வகுப்பு தோன்றும்போது பழைய வகுப்பினர் இருபுறமும் அஞ்சுவது திருச்சபை வரலாற்றைக் கற்றோர்க்குப் புதிதன்று.

பயிற்சி தொடங்கினாலும் சட்டம் இடந்தரவில்லை. நோயறிந்து மருந்து தரும் செவிலியரின் உரிமையைச் சட்டத்தில் முதலில் ஏற்றது ஐடஹோ மாநிலம், ஆண்டு 1971. பெருமளவில் மலையும் காடுமான மாநிலம் அது என்பது கருதத்தக்கது. தேவை மிகுந்த இடத்திலிருந்தே துணிவு பிறந்தது. அடுத்து, ஊதியத் தடை. செவிலியர் தனித்து நடத்திய நாட்டுப்புற மருத்துவ நிலையங்களில், மருத்துவர் உடனில்லாவிட்டால் அரசுக் காப்புறுதி பணம் கொடாது. 1977-ஆம் ஆண்டு நாட்டுப்புற மருத்துவ நிலையச் சட்டம் இத்தடையை நீக்கியது. அச்சட்டத்தின் கீழ்ப் பதிவு பெறும் நிலையம், நர்ஸ் பிராக்டிஷனர் முதலியோரைப் பணியில் வைத்திருத்தல் கட்டாயம். இதற்கு முன்பே, 1970-இல், தேசிய நலப்பணிப் படை என்ற அமைப்பு தோன்றியது. கல்வி உதவித்தொகையோ கல்விக் கடனடைப்போ பெறுவோர், மருத்துவ வசதி குறைந்த பகுதியில் சில ஆண்டுகள் பணிபுரிவதாக ஒப்பந்தம் செய்வர். இன்றளவும் அது நடைபெறுகிறது.

ஒப்பந்தத்தின் பயனும் எல்லையும் தெளிவானவை. அது பணியாளரை ஊருக்குக் கொண்டுவருகிறது. சிலர் வந்த இடத்தை நேசித்துத் தங்கிவிடுகின்றனர். மற்றவர், கடன் தீர்ந்த நாளில் பெட்டியைக் கட்டுகின்றனர்.

8. மாணவரைத் தேடிச் சென்ற பள்ளி

ஹைடன் பள்ளி 1970-இல் குடும்ப நல நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியையும் தொடங்கியது. 1975-இல் மேரி பிரெக்கின்ரிட்ஜ் பெயரால் புதிய மருத்துவமனையும் எழுந்தது. ஆயினும் பழைய இடர் வேறு வடிவில் தொடர்ந்தது. தொலைதூர ஊரில் பணிபுரியும் செவிலி ஒருத்தி மேற்கல்வி பெற விழைந்தால், வேலையைவிட்டு, குடும்பத்தைவிட்டு, பள்ளி இருக்குமிடத்துக்கு வரவேண்டும். வரமுடியாதவர் பலர். வந்து பயின்றவர், படிப்பு முடிந்தபின் பழைய ஊருக்குத் திரும்புவதும் உறுதியன்று.

1989-இல் இதற்கு மாற்றுத் தேடப்பட்டது. அதில் முன்னின்றவர் கிட்டி எர்ன்ஸ்ட். 1951-இல் ஹைடனில் பயின்று தேறியவர். புதிய திட்டத்தின் அமைப்பு இது: மாணவி தொடக்கத்தில் சில நாள் ஹைடனுக்கு வந்து ஆசிரியரையும் உடன் மாணவரையும் சந்திக்கிறாள். பின் தன் ஊர் திரும்பி, வேலையையும் குடும்பத்தையும் விடாமல், பாடங்களை வீட்டிலிருந்தே கற்கிறாள். மீண்டும் ஹைடன் வந்து கைத்திறன் பயிற்சி பெறுகிறாள். அதன்பின் தன் ஊரிலோ அண்மையிலோ உள்ள அனுபவம் மிக்க ஒருவரிடம் நேரடிப் பயிற்சியை முடிக்கிறாள். எந்த மக்களிடையே பணிபுரியப் போகிறாளோ அம்மக்களிடையேயே கற்கிறாள். தேறிய நாளில் புதிதாக எங்கும் ‘அனுப்பப்பட’ வேண்டியதில்லை. நர்ஸ் பிராக்டிஷனர் கல்வியும் 1990-களின் இறுதியில் இம்முறைக்கு வந்தது. 2011-இல் பள்ளி ஃபிரான்டியர் செவிலியப் பல்கலைக்கழகம் என்ற பெயர் பெற்றது.

இங்கே ஒரு முரணையும் குறித்தல் வேண்டும். அப்பல்கலைக்கழகத்தின் வளாகம் இன்று ஹைடனில் இல்லை. மாநிலத்தின் சமவெளிப் பகுதியான வெர்செயில்ஸ் நகரில் உளது. நாடெங்கும் உள்ள சிற்றூர்களுக்குப் பள்ளி சென்றபோது, அது பிறந்த மலையூரில் அதன் இருப்புச் சுருங்கியது. பரந்து செல்லும் நிறுவனம் தன் முதற் குடிகளை மறவாதிருப்பது எளிதன்று.

9. நிலைப்பதற்குரிய காரணங்கள்

உலக நல நிறுவனம் நாட்டுப்புறங்களில் மருத்துவப் பணியாளரை நிலைக்கச் செய்வது குறித்து 2010-இல் பரிந்துரைகள் வெளியிட்டு, 2021-இல் அவற்றைத் திருத்தியமைத்தது. நாட்டுப்புறத்தில் பிறந்து வளர்ந்தோரை மாணவராகச் சேர்த்தல், கல்வி நிலையங்களைப் பெருநகருக்கு வெளியே அமைத்தல், பயிற்சியின் ஒரு பகுதியைச் சிற்றூரில் நடத்துதல், வீடும் பாதுகாப்பும் தருதல், தனிமையைப் போக்கத் தொழில் தோழமையை ஏற்படுத்துதல் என்பன அவற்றுள் சில. கென்டக்கி வரலாற்றை அறிந்தவர்க்கு இவற்றில் புதுமை தோன்றாது.

ஊரைவிட்டு நீங்குவோர் கூறும் காரணங்களையும் கேட்டல் நலம். ஊதியம் அவற்றுள் ஒன்று. முதன்மையானது என்று சொல்வதற்கில்லை. கணவருக்கு ஊரில் வேலையில்லை. பிள்ளைகளுக்கு நல்ல பள்ளியில்லை. இரவும் பகலும் அழைப்பு வரும், மாற்றாள் இல்லை. ஐயம் எழுந்தால் கலந்து பேச உடன் பணியாளர் இல்லை. சில மாநிலங்களில், மருத்துவர் ஒருவரோடு எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் அவர்கள் தொழில் செய்ய இயலாது. மருத்துவரே இல்லாத மாவட்டத்தில் அக்கையெழுத்துக்கு எங்கே போவது? பிரெக்கின்ரிட்ஜின் செவிலியர் இவற்றைவிடக் கடுமையான நிலையில் தங்கினர் எனில், அதற்குரிய காரணம் வீரம் மட்டுமன்று. புறநிலையத்தில் தங்கிய செவிலியின் பின்னால் ஹைடன் மருத்துவமனையும், அதன் மருத்துவரும், எழுதப்பட்ட மருத்துவ விதிகளும், வென்டோவர் இல்லமும், ஊரார் குழுவும் இருந்தன. தனியாக நின்றவள் தனித்து விடப்படவில்லை. பற்றுறுதியை மட்டும் மூலதனமாகக் கொண்டு ஒருவரை ஊருக்கு அனுப்பிவிட்டு, அவர் திரும்பியதும் அவருடைய அர்ப்பணத்தைக் குறை கூறுவது நேர்மையாகாது.

10. முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளைத் தொகுத்துரைக்கலாம். முதலாவது, பயிற்சி நடைபெறும் இடமே பயின்றவர் வாழப்போகும் இடத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இரண்டாவது, நிலைத்திருத்தல் தனியொருவரின் பண்பு மட்டுமன்று. அவரைத் தாங்கும் அமைப்பின் பண்புமாகும். மூன்றாவது, வெளியிலிருந்து வருவோர் தொடங்கும் பணி, உள்ளூர் மக்களின் கைக்கு மாறும்வரை நிறைவு பெறுவதில்லை.

இறையியற் கல்லூரிகளுக்கு இம்மூன்றும் அயலானவை அல்ல. குவாத்தமாலா நாட்டின் பிரெஸ்பிட்டேரியன் இறையியற் பள்ளி, தலைநகரில் பயின்றோர் நாட்டுப்புறச் சபைகளுக்குத் திரும்பாமை கண்டு, முதலில் சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. அதுவும் போதாமல், 1963-இல் ஆசிரியரையே மாணவரிடம் அனுப்பும் விரிவாக்க இறையியற் கல்வியைத் தொடங்கியது. ஹைடன் பள்ளி அதே முடிவுக்கு வருவதற்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. இந்தியாவில் அம்முறைக்கெனச் சங்கம் ஒன்று 1971-இல் தோன்றியது. ஆயினும் நாம் அதனை, வளாகக் கல்வி பெற முடியாதோருக்குரிய இரண்டாந்தர வழியாகவே பெரும்பாலும் எண்ணிவருகிறோம். கென்டக்கிச் செவிலியரின் வரலாறு அவ்வெண்ணத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. அங்கே ஊரில் இருந்தே கற்றல் குறைபாட்டுக்கு ஒட்டுப்போட்ட முறையாக இல்லை. பணியின் இயல்பிலிருந்து எழுந்த முதன்மை முறையாக ஆயிற்று.

ஆண்டுதோறும் பட்டம் பெற்று வெளியேறும் மாணவருள் எத்தனை பேர் சிற்றூர்ச் சபைகளை நாடுகின்றனர் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். கேட்கவேண்டிய வினா அதற்கு முந்தியது: மூன்றாண்டு, நான்காண்டு அவர்களை அச்சபைகளிலிருந்து அகற்றி வைத்தவர் யார்? அங்கே சென்றபின் அவர்களுக்குப் பின்னால் நிற்கும் ஹைடனும் வென்டோவரும் எவை? மாணவரின் அர்ப்பணத்தைச் சோதிக்குமுன், இவ்வினாக்களுக்கு ஆசிரியரும் மறைமாவட்டத் தலைவரும் கூடி விடை காணல் கடனாகும்.